பழைய படகு வாங்கப் போகிறீர்களா?

பழைய கார் நடுவழியில் நின்றால் ஓரங்கட்டிவிட்டு இழுவை லாரியைக் கூப்பிடலாம். கடலில் அது நடக்காது. மலாக்கா நீரிணையில் ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ரா பக்கமிருந்து திடீர்ச் சூறைக்காற்று வரும். பெரும்பாலும் விடியற்காலையில், நம்மவர்கள் தூண்டில் போடக் கிளம்பும் வேளையில்தான். அப்போது என்ஜின் அணைந்தால் என்ன ஆகும் என்று யோசித்துவிட்டுத்தான் படகுக்கு விலை பேச வேண்டும்.

என் அண்ணனுக்கு 55 வயதானதும் ஊழியர் சேமநிதிப் பணம் கைக்கு வந்தது. அலோர் காஜா பக்கம் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். சொந்தப் படகில் பேரப்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தஞ்சோங் துவான் கலங்கரை விளக்கம் வரை போய்வர வேண்டும் என்பது அவரது நெடுநாள் ஆசை. கோல சுங்கை பாருவில் 20 வருடப் பழைய ஃபைபர் படகு ஒன்று விற்பனைக்கு வந்தது. விலை 18,000 ரிங்கிட். படகு பழுதுபார்க்கும் நண்பரையும் அழைத்துக்கொண்டு போனோம்.

பளபளத்த புதுச் சாயத்தை நண்பர் பார்க்கவே இல்லை. என்ஜின் மூடியைக் கழற்றித் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தால், நாம் வருமுன்பே யாரோ ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். குளிர்ந்த என்ஜின் எப்படிக் கிளம்புகிறது என்பதுதான் சோதனை. பிறகு கியர் எண்ணெயில் கொஞ்சம் வடித்துப் பார்த்தார். அது பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது. ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளந்தார். ஒன்றுக்கொன்று 10 விழுக்காட்டுக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாதாம். என்ஜின் தேறியது.

அடுத்து, திருப்புளியின் பிளாஸ்டிக் பிடியால் படகைத் தட்டிக்கொண்டே வந்தார். கெட்டியான இடம் ‘டக்’ என்றது. என்ஜினைத் தாங்கும் பின்பலகை ‘தொப்’ என்றது. ஃபைபருக்குள் இருக்கும் பிளைவுட் ஊறிவிட்டது. என்ஜினைச் சற்றுத் தூக்கிப் பிடித்து அழுத்தியபோது பலகையே அசைந்தது.

விற்பவர் உடனே 4,000 ரிங்கிட் குறைத்தார். “தம்பி, வாங்கிச் சரிபண்ணிக்கலாமே” என்றார் அண்ணன். “அண்ணே, என்ஜினை இறக்கி, பலகையை அறுத்தெடுத்து, புதுசு வைக்கணும். அறுத்த பிறகுதான் ஊறல் எதுவரைக்கும் போயிருக்குன்னு தெரியும். அந்தச் செலவுக்கு இப்போ யாராலும் கணக்குச் சொல்ல முடியாது” என்றேன். வேலையில்லாத காலத்துக்கான பணம் அது. அவர் முகம் வாடியது. ஆனாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஆசையை விடச் சொல்லவில்லை. அண்ணனும் விடவில்லை, வேறு படகு தேடுகிறார். நீங்கள் தேடினால், பதிவுப் பத்திரத்தில் உள்ள பெயரும் என்ஜின் எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். நிறுத்துமிடம், காப்புறுதி, சர்வீஸ் ஆகிய ஆண்டுச் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். கடலில் ஓட்டிப் பார்க்க விடாதவரிடம் முன்பணம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.