சிவப்பு நீலமான கதை

எம்.டி.பி.எஸ். என்று தமிழ்நாட்டில் சிறப்புக்கல்வி படித்த யாரிடம் சொன்னாலும் முகம் மலரும். சிலருக்குத் தேர்வு ஞாபகம் வந்து வாடவும் செய்யும். அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளை எதைச் செய்கிறது, எதை இன்னும் செய்யவில்லை என்று குறித்துக்கொள்ளும் பட்டியல் அது. செய்தால் நீலம், செய்யாவிட்டால் சிவப்பு. காலாண்டுக்கு ஒருமுறை மறுபடி பார்ப்பார்கள். பயிற்சி பலித்திருந்தால் சிவப்பு நீலமாகும்.

நான் அதை முதலில் பார்த்தது பழவேற்காட்டில், ஏரிக்கரையில் இருக்கும் ஒரு குப்பத்தில். வட்டார வள மையத்திலிருந்து வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுக்கும் சிறப்பாசிரியை, திண்ணையில் ஜெராக்ஸ் தாள்களைப் பரப்பியிருந்தார். பக்கத்தில் பையன், அலுமினியக் கூடையில் இருந்த இறாலைப் பெரிசு, சிறிசு என்று பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். அம்மா கேட்டது படிப்பைப் பற்றி இல்லை. "நாளைக்கு இவன் பேரு தலைக்கட்டுல வருமா டீச்சர்?" என்றார்.

ஊர் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பழவேற்காட்டில் பாடு என்றொரு முறை உண்டு. ஏரியில் வலை போடத் தோதான இடங்களைச் சில குப்பத்து ஆண்கள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். ஊர்த் தலைக்கட்டில் சேர்ந்தவனுக்கே முறை வரும். முகத்துவாரம் தூர்ந்து மீன்பாடு குறைந்த காலத்தில் அந்த உரிமை இன்னும் பெரிது. ஆகவே அந்த அம்மாவின் கேள்வி மகனின் வாழ்நாள் முழுவதற்குமானது. "அக்கா, மொதல்ல சில்லறை எண்ணட்டும், அப்புறம் ஊரைக் கேப்போம்" என்றார் ஆசிரியை. பணம் என்ற தலைப்பில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். அது சிவப்பாக இருந்தது.

இந்தப் பட்டியலை யார் எழுதியது? ஆசிரியைக்கு அது டிப்ளமோ படிக்கையில் கையில் வந்த தாள். பிரதிக்குப் பிரதி எடுத்து முகப்புப் பக்கம் எப்போதோ கழன்றுவிட்டது. சென்னையில், ஓய்வுபெற்ற சிறப்பாசிரியர் ஒருவரின் பழைய புத்தகக் கட்டில்தான் முழுப் பிரதி கிடைத்தது. மெட்ராஸ் டெவலப்மென்டல் புரோகிராமிங் சிஸ்டம். ஆக்கியோர் பி. ஜெயச்சந்திரன், வி. விமலா. வெளியீடு சென்னை விஜய் ஹ்யூமன் சர்வீசஸ், 1983. ஜெயச்சந்திரனைச் சிறப்புக்கல்வி வட்டாரத்தில் பேராசிரியர் என்றே சொல்வார்கள்.

இந்தத் துறையில் பெயரிலேயே மெட்ராஸைச் சுமக்கும் கருவி அபூர்வம். பிள்ளைகளின் அறிவை அளக்க இங்கே புழங்கியவற்றில் பெரும்பாலானவை கப்பலேறி வந்தவை. மரப்பலகைக் குழிகளில் பத்து வடிவங்களைப் பொருத்தச் சொல்லும் செகுவின் பலகையில் இருப்பது ஒரு பிரெஞ்சு மருத்துவரின் பெயர். வைன்லேண்ட் அளவை 1935இல் அமெரிக்காவின் எட்கர் டால் செய்தது. பினே சோதனையை 1930களில் காமத் நம் நாட்டுக்குத் திருத்தினார். எல்லாமே கடைசியில் ஓர் எண்ணைக் கையில் கொடுக்கும். சான்றிதழுக்கு அந்த எண் வேண்டும்தான். ஆனால் குப்பத்தில் இருக்கும் ஒரு தாய் அதை வைத்துக்கொண்டு நாளைக் காலையில் என்ன செய்வார்?

ஜெயச்சந்திரனும் விமலாவும் இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கியிருக்கிறார்கள் என்பது என் கணிப்பு. 18 தலைப்புகள், தலைப்புக்கு 20 வரிகள், ஆக 360. எளிதிலிருந்து கடினத்துக்கு ஏறிப்போகும். உடல் அசைவு, கைவிரல் வேலை, உண்பது, உடுத்துவது, சுத்தம், கழிப்பறை, சொல்வதைப் புரிந்துகொள்வது, தானே பேசுவது, பழகுவது, வாசிப்பு, எழுத்து, எண், நேரம், பணம், வீட்டுவேலை, ஊரறிவு, பொழுதுபோக்கு, தொழில். பள்ளிக்கூடம் படிப்பு என்று நினைப்பது பதினெட்டில் மூன்று. மிச்சம் பதினைந்தும் வாழ்க்கை. கடைசியில் கிடைப்பது மதிப்பெண் அல்ல, அடுத்து எதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது. முதல் சிவப்பு எங்கே நிற்கிறதோ அங்கேதான் அடுத்த பாடம்.

அன்றைய நிலையையும் எண்ணிப்பார்க்க வேண்டும். செகந்திராபாத்தில் அறிவுசார் குறைபாட்டுக்கான தேசிய நிறுவனம் தொடங்கியதே 1984இல். மறுவாழ்வுக் கவுன்சில் சட்டம் 1992இல் வந்தது. ஊனமுற்றோர் உரிமைக்கான முதல் சட்டம் 1995இல். அந்தத் தேசிய நிறுவனம் தன் பட்டியல்களை 1990களையொட்டிக் கொண்டுவந்தபோது, சென்னைப் பட்டியல் அச்சேறிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன.

குறை இல்லாமல் இல்லை. செய்கிறான், செய்யவில்லை என்ற இரண்டே பதில்தான். கொஞ்சம் கைபிடித்தால் பொத்தான் போட்டுக்கொள்ளும் பிள்ளைக்கும் சிவப்புதான். நேரம் என்ற தலைப்பு கடிகாரத்தை நோக்கிப் போகிறது. படகு கரை திரும்பும் பொழுதைக் காற்றை வைத்தே சொல்லிவிடும் பையனுக்கு அங்கே இடமில்லை. ஆசிரியை அதை ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்திருந்தார். நல்ல ஆசிரியர் கையில் எந்தப் பட்டியலும் அப்படித்தான் வளரும்.

ஒரு பேராசிரியரை நினைவுகூர்வதென்றால் பட்டம், பதவி, பொன்னாடை என்று அடுக்குவது நம் வழக்கம். எனக்கு அந்த 360 வரிகளே போதுமானவையாகத் தோன்றுகின்றன. பிள்ளைகளின் பக்கத்திலேயே உட்கார்ந்து, சட்டைக்குள் கை நுழைவதையும் குவளை வாய்க்குப் போவதையும் பார்த்துக்கொண்டிருந்தவர்களால்தான் இப்படி எழுத முடியும்.

அவரிடமும் விமலாவிடமும் படித்தவர்கள் இன்று தமிழ்நாடெங்கும் சிறப்புப் பள்ளிகளை நடத்துகிறார்கள். அந்த வகுப்பறைகளை அவர்கள் எழுதிவைக்க வேண்டும். ஏரிக்கரையில் இப்படியொரு பிள்ளையை வீட்டோடு வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறைபாடு 40 விழுக்காடோ அதற்கு மேலோ இருப்பதாகச் சான்று பெற்ற பிள்ளைக்கு 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி உரிமை. பள்ளிக்குப் போக முடியாத பிள்ளைக்கு ஆசிரியர் வீட்டுக்கே வருவார். வட்டார வள மையத்தில் போய்க் கேளுங்கள்.