அப்பாயி ஏந்தும் கை

அப்பாயிக்கு டிமென்ஷியா. காலையில் சாப்பிட்டது நினைவில்லை. 60 வருடத்துக்கு முந்தைய ஊர்த்தெரு அப்படியே இருக்கிறது. சாயங்காலமானால் டம்ளரை வாங்காமல் இரு கைகளையும் குவித்து, "தண்ணி ஊத்துங்க சாமி" என்கிறார். பேரப்பிள்ளைகளான எங்களைப் பார்த்து!

முதலில் கத்தினோம். "இது நம்ம வீடு அப்பாயி" என்று வாதாடினோம். பயந்து மூலையில் ஒடுங்கிவிட்டார். தண்ணீர் குறைந்தால் குழப்பம் இன்னும் கூடும், எதிர்த்துப் பேசாமல் அவர் போக்கிலேயே போங்கள் என்றார் நர்ஸ். சரிதான். ஆனால் தோழர்களே, இரட்டை டம்ளரை எதிர்த்து மேடையேறிய நாங்கள் அந்தக் கையில் எப்படி ஊற்றுவது?

இப்போது தரையில் பக்கத்தில் உட்கார்ந்து, நாங்கள் ஒரு வாய் குடித்துவிட்டு அதே டம்ளரை நீட்டுகிறோம். சில நாள் வாங்கிக்கொள்கிறார். வாங்காவிட்டால் எழுந்துவிட்டு, அரை மணி கழித்து மறுபடி போய் உட்காருகிறோம்.