23 உப வேலைகள்

ஆசிரியத் தொழிலிலிருந்து இளைப்பாறும் வரை என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னக் கொப்பி இருக்கும். செய்ய வேண்டியதை எழுதுவேன், முடிந்ததும் கோடிழுத்து வெட்டுவேன். மகளுக்கு வீடு கட்டத் தொடங்கியபோதுதான் அந்தக் கொப்பி போதாமல் போயிற்று. கிழக்கிலே பெண்பிள்ளையைப் பெற்றவனுக்கு வீடு என்பது என்னவென்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. 2021 இல் ஆயிரம் ரூபாயளவில் வாங்கிய 50 கிலோ சீமெந்து மூடை 2022 இல் மூவாயிரத்தைத் தொட்டது. அத்திவாரத்தோடு வேலை நின்றது. மறுபடி தொடங்கிய வேளையில், யாருக்கு எவ்வளவு கொடுத்தேன், எந்த மரத்துக்கு அட்வான்ஸ் வைத்தேன் என்பதெல்லாம் கொப்பியின் ஓரங்களில் குறுக்காகவும் தலைகீழாகவும் கிடந்தன.

"போனத் தாங்க வாப்பா" என்று வாங்கி, மகள்தான் 'டூடூயிஸ்ட்' என்ற செயலியைப் போட்டுத் தந்தாள். 2007 இல் அமீர் ஸாலிஹெஃபென்டிச் என்ற மாணவர் தன் சொந்த வேலைகளை ஒழுங்குபடுத்தவென ஆக்கியது அது. பொஸ்னியாவிலே பிறந்து, டென்மார்க்கில் அகதியாகக் குடியேறிய குடும்பத்தவர். பெயரைக் கேட்டதுமே செயலி மீது எனக்கொரு பாசம் உண்டாயிற்று. நமது பாசங்கள் இப்படித்தான்.

அதன் அமைப்பு எளிது. ஒரு பெரிய வேலையை எழுதி, அதன் கீழே உப வேலைகளை அடுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு திகதி, ஒரு கொடி. சிவப்பு முதலாம் தரம், செம்மஞ்சள் இரண்டாம் தரம், நீலம் மூன்றாம் தரம், நிறமில்லாதது நான்காம் தரம். இந்த விடயத்தில் டேவிட் அலன் 2001 இல் எழுதிய நூல் பேர்போனது. ஒரு செயலோடு முடியாத எதுவும் வேலையல்ல, அது ஒரு திட்டம் என்பார் அவர். 'வீடு' என்று எழுதி வைத்தால் அதை யாரும் செய்ய முடியாது. 'மேசனுக்குப் போன் எடுப்பது' என்று எழுதினால் தேத்தண்ணி ஆறுமுன் செய்துவிடலாம். எனக்கு அது மிகவும் பிடித்துப் போயிற்று. ஒரு பின்னேரம் முழுக்க உட்கார்ந்து, 'மகளின் கலியாணம்' என்று எழுதி, சிவப்புக் கொடி குத்தி, கீழே அடுக்கினேன். கூரை மரம், ஓடு, யன்னல், வயரிங், கிணற்றுக் கட்டு, தளபாடம், நகை, அழைப்பிதழ், பந்தல். எண்ணிப் பார்த்தேன், 23.

பிறகுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. தாய் வேலைக்குக் குத்திய கொடி பிள்ளை வேலைகளுக்குப் போய்ச் சேராது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் குத்த வேண்டும். குத்தினேன். ஓடாவி மூன்று தரம் போன் எடுத்தார், அவருக்குச் சிவப்பு. ஓட்டுக்காரர் சத்தம் போட்டார், அவருக்கும் சிவப்பு. ஒரு கிழமைக்குள் பட்டியல் முழுவதும் சிவந்து போயிற்று. வகுப்பில் எல்லாப் பிள்ளைக்கும் 'ஏ' போட்ட புள்ளிப் பத்திரம் மாதிரி, அதை வைத்துக்கொண்டு ஒன்றும் விளங்கவில்லை. சத்தம் போடாதவை அடியிலே நிறமில்லாமல் கிடந்தன. மனைவியைக் கண் டொக்டரிடம் காட்டுவது நாலு மாதமாக அங்கேதான். இந்தச் சஞ்சிகை ஆசிரியர் இரண்டு தரம் கேட்ட கட்டுரையும் அங்கேதான். நீங்கள் இப்போது வாசிப்பது அதைத்தான். ஐசன்ஹோவர் 1954 இல் ஓர் உரையில் எடுத்துச் சொன்ன கூற்றொன்று உண்டு: அவசரமானவை முக்கியமானவையல்ல, முக்கியமானவை ஒருபோதும் அவசரமாக வருவதில்லை என்ற பொருளில். அது அவருடைய சொந்தக் கூற்றல்ல, ஒரு கல்லூரித் தலைவர் சொன்னதாகவே சொன்னார். ஆனாலும் இன்று அவருடைய பெயரிலேயே நிற்கிறது.

ஒரு நாள் பஸ்ஸில் வரும்போது பை தூக்கிய கையின் விரல் தவறிப் பட்டு, 'மகளின் கலியாணம்' முடிந்ததாக விழுந்துவிட்டது. தாய் வேலையை முடித்தால் பிள்ளை வேலைகளும் கூடவே முடிந்ததாகிவிடும். 23 உம் ஒரு கணத்தில் மறைந்தன. வீட்டுக்கு வந்து பதறிப்போய் மகளிடம் நீட்டினேன். அவள் சிரித்துக்கொண்டே, முடிந்தவற்றின் பகுதிக்குள் போய், ஒவ்வொன்றாக வாசித்து மீட்டுத் தந்தாள். பத்தைத் தாண்டியதும் சிரிப்பு நின்றது. கடைசியையும் வாசித்துவிட்டுக் கேட்டாள்:

"வாப்பா, இதில எனக்கிட்டக் கேக்கிற வேல எத்தினையாவது?"

நான் பேசவில்லை. வாசலில் நின்ற மனைவிதான் பேசினாள். "என்னெட்டயும் அண்டைக்கு ஆரும் கேக்கல்ல."

1989 இல் எங்கள் கடுத்தம் எழுதியபோது நான் ஒப்பமிட்டேன், வலியாக மாமா ஒப்பமிட்டார், சாட்சிகள் இருவரும் ஒப்பமிட்டார்கள். மணமகளின் ஒப்பத்தை 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் கேட்கவில்லை. அது பிழை, மணமகளும் ஒப்பமிட வேண்டும் என்று பிற்காலத்தில் மேடைகளில் பேசியவன் நான். எழுதியும் இருக்கிறேன். கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். என் பட்டியலிலோ ஓடாவிக்கு மூன்று வரி இருந்தது, மகளுக்கு ஒரு வரியும் இல்லை.

மகள் கோபப்படவில்லை. இருபத்துநாலாவதாக 'மகளிடம் கேட்பது' என்று தட்டி, அதை இழுத்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்து, சிவப்புக் கொடி குத்தி, வெள்ளிக்கிழமை மஃரிபுக்குப் பிறகு என்று நேரமும் குறித்துவிட்டுத் தேத்தண்ணி ஊத்தப் போனாள்.

வெள்ளிக்கிழமை போன் மணியடித்தபோது ஓடாவி மிச்சக் காசுக்காக விறாந்தையில் குந்தியிருந்தார். அவரை இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கேட்டேன். முப்பது வருடம் பிள்ளைகளிடம் கேள்வி கேட்டே பிழைத்தவனுக்கு அந்தக் கேள்வியைத் தொடங்க வரவில்லை.

"ரெண்டு வருசம் பொறுங்க வாப்பா, மேல்படிப்ப முடிச்சிர்ரன்" என்றாள். "வீட்ட நிப்பாட்டத் தேவல்ல. ஆனா அத என்ட கலியாணத்துக்குக் கீழ போடாதீங்க."

உப வேலையை வெளியே இழுத்துத் தனி வேலையாக்கும் வித்தையை அன்றிரவு பழகிக்கொண்டேன். விரலால் அழுத்திப் பிடித்து இடப்பக்கம் தள்ள வேண்டும். வீடு தனியாக வந்தது, அதற்கு நீலக் கொடி போதும் என்று பட்டது. கண் டொக்டரும் மேலே வந்தார். போன கிழமை போய்க் காட்டிவிட்டோம், புரை இருக்கிறதாம். பந்தல், அழைப்பிதழ் எல்லாவற்றினதும் திகதிகளை அழித்தேன்.

கலியாணத்துக்குக் கீழே புதிதாக ஒன்று எழுத வேண்டியிருந்தது: 'மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்வது'. மாப்பிள்ளையின் வாப்பா என்னோடு ஒன்றாகப் படித்தவர். ஜும்ஆவில் சந்திக்கும்போதெல்லாம் வீட்டு வேலை எந்தளவில் என்று கேட்கிறார். எழுதி மூன்று கிழமையாகிறது. அதற்கு இன்னும் நான் கொடி குத்தவில்லை.