39 வயதில் ஒரு வாய்ப்பு

அமெரிக்காவிலிருந்து வந்த பேரன் அவர்கள் ஊர் ஃபுட்பாலை டிவியில் காட்டினான். பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து ஓடுகிறவருக்கு ‘ரன்னிங் பேக்’ என்று பெயராம். அடிபட்டு அடிபட்டு முப்பது வயதுக்குள் பெரும்பாலோர் ஓய்ந்துவிடுவார்களாம்.

“நம்ம சடுகுடு மாதிரிதான்டா” என்றேன். காரைக்கால் பிரெஞ்சுப் பள்ளியில் எங்களைக் கால்பந்து உதைக்கச் சொல்வார்கள். ஊருக்கு வந்தால் அறுத்த வயலில் சடுகுடுதான்.

தர்மராஜ் சேரலாதனைப் பற்றிச் சொன்னேன். தஞ்சை மாவட்டம் திருச்சனம்பூண்டிக்காரர். (நம்ம பூண்டி வேறு, அது வேறு.) பாடிப் போகிறவர் அல்ல, வருகிறவனைப் பிடிக்கிறவர். புரோ கபடி லீக் 2014-இல் தொடங்கியபோது அவருக்கு வயது 39. அந்த வயதில் எனக்கு ஆபீஸ் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும்! 2016 ஜூலையில் பாட்னா பைரேட்ஸ் அணிக்குத் தலைவராக நின்று கோப்பை வாங்கினார். அக்டோபரில் அகமதாபாத்தில் ஈரானை 38-29 என்று வென்று உலகக் கோப்பை வாங்கிய இந்திய அணியிலும் இருந்தார். கூட ஆடிய பிள்ளைகளுக்கு அவர் ‘அண்ணா’.

என்னோடு ஆடிய சிநேகிதன் ஒருவனும் அப்படித்தான் பிடிப்பான். 24 வயதில் முட்டி போயிற்று. அன்று லீக் ஏது, ஏலம் ஏது? திருவிழாப் பந்தயத்தில் ஜெயித்த அண்டா ஒன்றுதான் மிச்சம். அதில்தான் அவன் வீட்டில் இன்றும் நெல் அவிக்கிறார்கள்.