செவி கேளாத வேட்டை நாய்

ராஜபாளையம் நாயைப் பற்றிக் கேள்விப்படாத தமிழ் வாசகர்கள் குறைவு. ஆனால், அதனை நேரில் கண்டவர்கள், அதிலும் எமது நாட்டில், வெகு சிலரே. அந்த இனத்தைச் சேர்ந்த நாயொன்று 2023 ஆம் ஆண்டு முதல் என் வீட்டு வளவில் வளர்கிறது. அது வந்து சேர்ந்த விதத்தை நண்பர்கள் பலரும் கேட்பதால் இங்கு எழுதுகிறேன்.

தமிழகத்தின் விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள ஊர் ராஜபாளையம். பாளையக்காரர்களும் ஜமீன்தார்களும் காட்டுப்பன்றி வேட்டைக்கும் காவலுக்குமாக அங்கு வளர்த்த நாய்க்கு ஊரின் பெயரே நிலைத்துவிட்டது. நீண்ட கால்கள், ஒட்டிய வயிறு, பால் வெள்ளை உரோமம், இளஞ்சிவப்பு மூக்கு ஆகியவை அதன் அடையாளங்கள். 1972 ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின்னர் இந்தியாவில் வேட்டைக்கு இடமில்லாது போனது. வேலை போனதும் நாயும் அருகியது. 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை இதற்கு முத்திரை வெளியிட்டது. 2020 ஆகஸ்டில் பிரதமர் மோடி தமது வானொலி உரையில் இதன் பெயரைக் குறிப்பிட்டார். அரிதான நாய் என்ற புகழ், அதைத் தேடுவோரையும் பெருக்கியது.

பத்திரிகைப் பணியில் இருந்தவரை நாய் வளர்ப்பதற்கு எனக்கு நேரம் வாய்க்கவில்லை. நள்ளிரவில் வீடு திரும்புபவன் நாயை எப்படிப் பராமரிப்பது? ஓய்வுக்குப் பின்னரே அந்த ஆசை நிறைவேறியது. தமிழகத்திலிருந்து முறையான அனுமதியுடன் ஒரு சோடியைக் கொணர்ந்து வளர்க்கும் நண்பர் ஒருவர் வத்தளையில் இருக்கிறார். குட்டிகள் எட்டு வார வயதை எட்டியதும் வந்து பார்க்குமாறு அழைத்தார்.

ஆறு குட்டிகள் இருந்தன. நண்பர் பின்னால் நின்று கைகளைத் தட்டினார். ஐந்து குட்டிகள் திரும்பின. ஆறாவது, ஒரு பழந்துணியோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தது. தகரப் பேணி ஒன்றைத் தட்டியும் அது திரும்பவில்லை.

"அதை விடுங்கோ அண்ணை. அதுக்குக் காது கேளாது. மற்றதுகளிலை ஒண்டை எடுங்கோ" என்றார் நண்பர்.

அதனை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "இப்பிடியான குட்டியளை ஒருத்தரும் வைச்சிருக்கமாட்டினம்" என்று சொல்லிவிட்டு மறுபக்கம் பார்த்தார். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

இந்த இனத்தில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பது புதுமையன்று. இதற்கும் அதன் நிறத்துக்கும் தொடர்பு உண்டு. உரோமத்துக்கும் தோலுக்கும் நிறம் தரும் உயிரணுக்களே உட்செவியின் இயக்கத்துக்கும் தேவைப்படுகின்றன. அவை அங்கு இல்லாதபோது, பிறந்த சில வாரங்களில் கேட்கும் ஆற்றல் அழிந்துவிடுகிறது. டல்மேஷன் நாய்களிலும் இதே குறை உண்டு. வாங்குவோர் தூய வெள்ளையே வேண்டும் என்கின்றனர். வளர்ப்போர் வெள்ளையையும் வெள்ளையையும் சேர்க்கின்றனர். நிறமுள்ள குட்டிகள் ஒதுக்கப்படுகின்றன. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு காது மட்டும் கேளாத நாய் கைதட்டலுக்குத் திரும்பிவிடும். மூளையின் மின்னதிர்வை அளக்கும் சோதனையில் மட்டுமே அது பிடிபடும். சோதனை செய்யாவிட்டால், அந்த நாயும் இனப்பெருக்கத்துக்குப் பயன்படும்.

அன்று மாலை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தது ஆறாவது குட்டியைத்தான். நண்பர் பணம் வாங்க மறுத்துவிட்டார். "இஞ்சாருங்கோ, கூப்பிட்டால் வராத நாயை வைச்சு என்ன செய்யிறது?" என்று மனைவி கேட்டார். நியாயமான கேள்விதான். பெயர் சொல்லி அழைக்க முடியாத நாய்க்கு 'மௌனி' என்று பெயரிட்டவரும் அவரே.

மௌனிக்குக் கைச்சைகைகளைப் பழக்கினோம். உள்ளங்கையைக் காட்டினால் நிற்கும். தொடையைத் தட்டினால் வரும். இருட்டில் டோர்ச் வெளிச்சத்தை இருமுறை அசைத்தால் ஓடி வரும். உறங்கும்போது தொட்டு எழுப்பாமல், தரையை மிதித்து அதிர்வால் எழுப்புகிறோம். திடீரெனத் தொட்டால் மிரண்டு கடிக்கக்கூடும். வாகனத்தின் ஓசை கேளாது என்பதால் தெருவில் ஒருபோதும் சங்கிலியைக் கழற்றுவதில்லை. ஆனால், ஓடப் பிறந்த உடம்பை நாள் முழுவதும் கட்டி வைப்பதும் கொடுமை. எனவே, சுற்றுமதிலை உயர்த்தி, வளவு முழுவதையும் அதற்கு விட்டுக்கொடுத்தோம். மதிலில் அணில் ஒன்று அசைந்தாலும் போதும், மறுமுனையிலிருந்து பாய்ந்து வரும். கண்ணும் மூக்கும் அதன் முன்னோரிடமிருந்து குறைவின்றி வந்திருக்கின்றன.

வருவோர் பலரும் அதன் அழகைக் கண்டு, "குட்டி போட விடுங்கோ, எங்களுக்கும் ஒண்டு வேணும்" என்கின்றனர். மௌனிக்குக் கருத்தடைச் சிகிச்சை செய்துவிட்டோம் என்றதும் அரிய இனத்தை வீணாக்கிவிட்டதாகக் கோபிக்கின்றனர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. ஓர் இனத்தைக் காப்பது என்பது அதன் குறையையும் சேர்த்துப் பெருக்குவதன்று.

ராஜபாளையம் நாயை விரும்பும் அன்பர்களிடம் ஒன்று கேட்பேன். குட்டியைப் பார்க்கும் முன்னர், தாய் தந்தை இரண்டுக்கும் செவிப்புலன் சோதிக்கப்பட்டதா என்று விசாரியுங்கள். உடலில் நிறம் கலந்த குட்டி இருந்தால் முகம் சுளிக்காதீர்கள். வாங்குபவர்கள் வெள்ளைக்கு மட்டும் விலை தரும்வரை, ஆறாவது குட்டிகளும் பிறந்துகொண்டேயிருக்கும். அவற்றுள் எத்தனைக்கு வீடு கிடைக்கும்?