வக்ஃபு பாய்மார் விவகாரம் மட்டுமா?

தோழர்களே, பஞ்சமி நிலத்துக்காக அ-பதிவேடு கேட்டுத் தாலுகா ஆபீஸ் படி ஏறி இறங்கியவர்கள் நாங்கள். ஆனாலும் வக்ஃபு திருத்தச் சட்டம் வந்தபோது, 'அது பாய்மார் விவகாரம்' என்று ஒதுங்கித்தான் நின்றோம். 'வக்ஃபு வாரியம் கை காட்டினால் உன் நிலமும் போச்சு' என்று வாட்ஸ்அப்பில் வந்ததை எங்களில் சிலர் பகிரவும் செய்தோம். வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறோம்.

எங்களைத் திருத்தியவர் எங்கள் தெரு அண்ணன் ஒருவர். சாதி இழிவு பொறுக்காமல் மூன்று ஆண்டுகளுக்கு முன் இஸ்லாத்தை ஏற்றவர். தான் உழைத்து வாங்கிய மூன்று சென்ட் மனையைப் பிள்ளைகளின் படிப்புக்காக வக்ஃபு செய்ய நினைத்தார். "நான் அஞ்சு வருசம் தொழுதேன்னு யாருப்பா சர்டிபிகேட் தருவா?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

அப்புறம்தான் சட்டத்தை உட்கார்ந்து படித்தோம். வக்ஃபு என்றால் சொத்தை இறைவன் பேரில் அறத்துக்கு நிரந்தரமாக விட்டுவிடுவது. பிறகு அதை விற்க முடியாது, வாரிசுகள் பங்கு போட முடியாது. முத்தவல்லி நிர்வாகி மட்டுமே, உரிமையாளர் அல்ல. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2013இல் செய்த திருத்தம், எவரும் வக்ஃபு செய்யலாம் என்றது. 2025 திருத்தமோ, குறைந்தது 5 ஆண்டுகள் இஸ்லாத்தைக் கடைப்பிடிப்பதாகக் காட்டுபவர்தான் செய்யலாம் என்கிறது.

இந்த 5 ஆண்டு யாரை முதலில் தடுக்கும்? சாதியிலிருந்து தப்பி நேற்று மதம் மாறியவரை. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அம்பேத்கரோடு தம்மம் ஏற்ற மக்கள் அன்றைக்கே பௌத்தர்கள். 1981இல் மீனாட்சிபுரத்தில் மாறியவர்கள் அன்றைக்கே முஸ்லிம்கள். மாறும் உரிமை உண்டு, மாறிய பின் தானம் செய்ய மட்டும் காத்திரு என்றால் அது என்ன உரிமை?

இன்னொன்று. நெடுங்காலப் பயன்பாட்டாலேயே வக்ஃபு ஆகும் முறையை இனிமேலுக்கு இந்தச் சட்டம் எடுத்துவிட்டது. நம் சேரிச் சுடுகாட்டுக்குப் பத்திரம் இருக்கிறதா? தலைமுறை தலைமுறையாகப் புதைத்ததுதானே சாட்சி? பத்திரம் இருந்தும் என்ன? 1892 ஆணைப்படி நமக்குத் தந்த பஞ்சமி நிலம், பிறருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடேயே கைமாறிப் போனது.

வக்ஃபு நிர்வாகத்தில் ஊழலும் ஆக்கிரமிப்பும் உண்டு. அதைத் தட்டிக் கேட்க வேண்டியது ஏழை முஸ்லிம்கள். அவர்களோடு நாமும் நிற்போம். ஆனால் ஊழலுக்கும் இந்த 5 ஆண்டுக்கும் என்ன சம்பந்தம்?

2025 செப்டம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம், மாநில அரசுகள் விதி வகுக்கும்வரை இந்த 5 ஆண்டு நிபந்தனையை நிறுத்தி வைத்தது. நிறுத்திவைப்புதான், ரத்து அல்ல. அண்ணனிடம் ஓடிப்போய்ச் சொன்னோம். "அப்ப எழுதிடுவோம். சாட்சி நீங்கதான்" என்றார்.

எழுதிக்கொண்டிருக்கிறோம். அதற்கிடையில் நீங்கள் ஒன்று செய்யுங்கள்: உங்கள் ஊர்ச் சுடுகாடு அ-பதிவேட்டில் என்னவென்று இருக்கிறது, போய்ப் பாருங்கள்.