வீடியோ ஓடினால் ஒஃபிஸ் வைஃபை ஏன் படுத்தது?



கணினி அறையில் பாடம் நடந்தால் பாடசாலை ஒஃபிஸில் வைஃபை நின்றுபோகிறது என்ற கதை நிந்தவூருக்குள் நன்றாகவே சுற்றிவிட்டது. "பெக்கேஜ் போதாது, புது ரவுட்டர் போடுங்க" என்று கட்டாரிலிருந்தும் சவூதியிலிருந்தும் பழைய மாணவர்கள் பணம் அனுப்பவே தயாராகிவிட்டார்கள். ஜஸாக்குமுல்லாஹு கைரன். ஆனால் கோளாறு இணையத்தில் இல்லை. ஐ.சி.ரீ. படிப்பிக்கும் நாங்கள் மூவரும் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

அறையில் 28 கணினிகள். பாட வீடியோவை ஒருமுறை இறக்கி வைத்து, ஆசிரியர் கணினியிலிருந்து வி.எல்.சி. மூலம் எல்லாத் திரைகளிலும் ஒரே நேரத்தில் ஓட விடுகிறோம். வீடியோ செக்கனுக்கு 4 மெகாபிட். ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனிப் பிரதி அனுப்பினால் 112 மெகாபிட். ஆசிரியர் கணினியின் இணைப்பு தாங்குவதோ 100 தான். அதனால்தான் மல்டிகாஸ்ட்: 239 இல் தொடங்கும் ஒரு முகவரிக்கு ஒரே ஒரு பிரதி, வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். ஸ்டீவ் டீரிங் 1989 இல் எழுதி வைத்த விதிமுறை, இன்றும் அப்படியே உதவுகிறது.

பரீட்சை விண்ணப்பங்களை இணையத்தில் ஏற்றும் நாட்களில்தான் பிரச்சினை பெரிதானது. கடைசித் திகதி நெருங்க நெருங்க, வைஃபை அசையாது. அதிபர் ஆள் அனுப்பிப் பாடத்தை நிறுத்தச் சொல்வார். ஒரு வகுப்பின் பாடமா, இன்னொரு வகுப்பின் விண்ணப்பமா என்ற நிலை.

காரணம் சுவிட்ச். யார் கேட்டார்கள் என்று தெரியாத சுவிட்ச், மல்டிகாஸ்ட் பிரதியை எல்லாப் போர்ட்டுக்கும் தள்ளிவிடும். வட்டவிதானை இல்லாத வாய்க்கால் மாதிரி. கேட்ட வயலுக்கும் பாயும், அறுவடைக்கு நிற்கிற வயலுக்கும் பாயும். கேபிளில் இருக்கும் கணினிக்கு இந்த 4 மெகாபிட் ஒரு பாரமே இல்லை. வைஃபை அப்படியல்ல. தூரத்தில் நிற்கிற போனுக்கும் கேட்க வேண்டும் என்பதற்காக மல்டிகாஸ்ட்டை அது பெரும்பாலும் மிகக் குறைந்த வேகத்தில், 1 அல்லது 6 மெகாபிட்டில்தான் அனுப்பும். அதில் இந்த வீடியோ ஏறினால் ஒஃபிஸுக்கு என்ன மிஞ்சும்?

ஒலுவில் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பழைய மாணவத் தம்பி ஒருவர் வந்து சுவிட்சின் செட்டிங்கைத் திறந்து காட்டினார். ஐ.ஜி.எம்.பி. ஸ்னூப்பிங் என்ற தெரிவு, கம்பெனியிலிருந்து வந்தபடியே அணைந்து கிடந்தது. ஒரு கணினி வீடியோவில் சேரும்போது "எனக்கும் வேண்டும்" என்று சிறு செய்தி அனுப்பும். ஸ்னூப்பிங் போட்டால் சுவிட்ச் அதை ஒட்டுக்கேட்டு, எந்தப் போர்ட்டிலிருந்து வந்தது என்று குறித்துக்கொள்ளும். வீடியோ அங்கே மட்டும் போகும்.

அதை மட்டும் போட்டால் வீடியோ 4 நிமிடம் 20 செக்கன் ஓடிவிட்டு நின்றுவிடும். பலர் இந்த இடத்தில்தான் "இது சரிவராது" என்று திரும்ப அணைத்துவிடுகிறார்கள். குறித்து வைத்ததை சுவிட்ச் வழமையாக 260 செக்கன்தான் ஞாபகம் வைத்திருக்கும். "இன்னும் வேண்டுமா?" என்று இடையிடையே யாராவது கேட்க வேண்டும். பெரிய இடங்களில் அதை ரவுட்டர் செய்யும். எங்கட சின்ன ரவுட்டர் செய்யாது. அதனால் சுவிட்சிலேயே குவரியர் என்ற தெரிவைப் போட்டு, அதற்கு ஓர் ஐ.பி. முகவரியும் கொடுத்தோம். இப்போது 125 செக்கனுக்கு ஒருமுறை அதுவே கேட்கிறது.

ஃபாஸ்ட் லீவ் என்று இன்னொன்றும் இருந்தது. அதைத் தொடவில்லை. பின்வரிசை மேசைக்கடியில் சாதாரண சுவிட்ச் ஒன்று, 6 கணினிகளுக்கும் ஒரே கேபிள். ஃபாஸ்ட் லீவ் போட்டிருந்தால் ஒரு பிள்ளை வீடியோவை மூடியதும் மற்ற ஐந்து பேருக்கும் வெட்டுப்படும்.

இந்த முறை பாடம் ஓடிக்கொண்டிருக்கும்போதே விண்ணப்பங்கள் ஏறின, அல்ஹம்துலில்லாஹ்.

பள்ளிவாசலுக்கோ மத்ரஸாவுக்கோ கெமரா, திரை பூட்ட இருப்பவர்கள் சுவிட்ச் வாங்கும்போது ஸ்னூப்பிங்கோடு குவரியரும் இருக்கிறதா என்று கடையில் கேளுங்கள். மலிவான சில மொடல்களில் முதலாவது இருக்கும், இரண்டாவது இருக்காது. பணம் அனுப்ப இருந்த காக்காமார், ரவுட்டர் வேண்டாம். அந்தப் பின்வரிசைச் சுவிட்சை மாற்றித் தந்தால் போதும். வியாழன் அஸருக்குப் பிறகு அறை திறந்திருக்கும், கேபிள் வேலை செய்கிற தம்பிமாரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.